போனபார்ட்டும் மீனாட்சியும்: பிடில் மெட்டுகள் வந்த வழி

கௌபாய்கள் குதிரையில் பாயும் காட்சி என்றாலே பலருக்கு ஒரு துள்ளல் இசை நினைவுக்கு வரும். முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து குதிக்கிற மாதிரி இருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாட்டிறைச்சி விளம்பரத்துக்கும் அதைத்தான் வைத்தார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் 1942இல் ஒரு பாலே நாட்டியத்துக்காக எழுதிய இசை அது. ஆனால் அதன் முதல் மெட்டு அவருடையது இல்லை. கென்டக்கி மலைநாட்டில் ஒரு பெரியவர் பிடிலில் தனியாக வாசித்த மெட்டு.

அவர் பெயர் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப். 1937 அக்டோபரில் ஆலன் லோமாக்ஸும் அவர் மனைவி எலிசபெத்தும் வட்டத் தட்டில் ஒலியைக் கீறிப் பதியும் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு சேலியர்ஸ்வில் பக்கம் போனார்கள். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்புற இசையைச் சேகரிக்கும் வேலை. ஸ்டெப்புக்கு அப்போது அறுபதைத் தாண்டிய வயது. அவர் வாசித்த மெட்டுகளில் ஒன்றின் பெயர் ‘போனபார்ட்டின் பின்வாங்கல்’. மற்றவர்கள் அதைப் படை நடைபோல மெதுவாக வாசிப்பார்கள். ஸ்டெப் அதை ஆட்டத்துக்கு ஏற்ற வேகத்தில் பறக்கவிட்டார். ரூத் க்ராஃபர்ட் சீகர் என்ற இசையமைப்பாளர் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு சுரம் சுரமாக எழுதினார், 1941இல் அது ஒரு தொகுப்பில் அச்சானது. அச்சான அந்தப் பக்கத்திலிருந்துதான் கோப்லண்டின் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மெட்டு போனது. உலகமே அதைக் கோப்லண்ட் இசையாக அறியும். ஸ்டெப் 1957இல் காலமானார். அந்த இசையைக் கேட்கிறவர்களில் அவர் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு இது ஆறாத வருத்தம், ஏனென்றால் அந்த வேகமும் வில்லின் அந்தக் குதிப்பும் அவர் கை வேலை.

சரி, ஸ்டெப்புக்கு அது எங்கிருந்து வந்தது? பெயர் நெப்போலியனைக் காட்டுகிறது. மாஸ்கோவிலிருந்து திரும்பியதா, வாட்டர்லூவா என்று பிடில்காரர்களே ஆளுக்கொன்று சொல்வார்கள். மெட்டை அலசியவர்கள் அயர்லாந்தின் ‘கழுகின் சீழ்க்கை’ என்ற பழைய படை நடையோடு அதை ஒப்பிடுகிறார்கள். அப்படியானால் மெட்டு முதலில் கடல் கடந்து வந்தது, நெப்போலியன் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. அயர்லாந்தில் நெப்போலியன் பெயரில் மெட்டுகள் ஏராளம். 1798 கிளர்ச்சியில் பிரெஞ்சுப் படை மேயோ மாவட்டத்துக் கில்லாலாவில் வந்து இறங்கியது. ஆங்கிலேயரை விரட்ட பிரான்ஸ் துணைவரும் என்று ஏங்கிய மக்களுக்கு போனபார்ட் என்பது ஒரு நம்பிக்கையின் பெயர். அந்த ஏக்கம் மறைந்து பல தலைமுறை ஆன பிறகும் பெயர் மட்டும் கென்டக்கி மலைக்குள் உயிரோடு இருந்தது.

பிடில் மெட்டுகளின் பிறப்பைத் தேடும்போது இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். மெட்டுக்கு ஒரு வரலாறு, பெயருக்கு ஒரு வரலாறு. இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஊரில் ஏறி, வழியில் எங்கேயோ ஒன்றாகச் சேர்ந்தவை. பெயரை நம்பி மெட்டின் பூர்வீகத்தைச் சொல்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

பிடில் என்றால் வயலின்தான், வேறு வாத்தியம் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய தலைமுறை ‘பிடில் வித்வான்’ என்றே சொல்லும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்க நாட்டுப்புறங்களில் ஆட்டத்துக்காக வாசிக்கும்போது அதற்கு அந்தப் பெயர். மெட்டுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதல் பாதி எட்டு பார் (நம் ஆவர்த்தம் போன்ற சிறு தாள அளவு), அதை இருமுறை வாசிப்பார்கள். அடுத்த பாதியும் எட்டு பார், அதுவும் இருமுறை. மொத்தம் 32 பாருக்குள் ஆடுபவர்களின் அடவு வரிசை முடிந்துவிட வேண்டும். ஆட்ட மெட்டு வகைகளில் ரீல் நம் கணக்கில் சதுச்ர நடை (நான்கு நான்காக), ஜிக் திச்ர நடை (மூன்று மூன்றாக). அமெரிக்க மலைநாட்டுக்காரர்கள் மேல் கம்பிகளில் ஓடும் பாதியை ‘ஃபைன்’ என்றும், கீழ்க் கம்பிகளில் உருளும் பாதியை ‘கோர்ஸ்’ என்றும் சொல்வார்கள்.

இந்த இரண்டு பாதிகளை வைத்தே ஒரு கதை உண்டு. சான்ட்ஃபோர்ட் ஃபால்க்னர் என்ற ஆர்க்கன்சா பண்ணைக்காரர் 1840ஆம் ஆண்டுப் பயணம் ஒன்றில் தனக்கு நேர்ந்ததாகச் சொல்லிச் சொல்லிப் பரப்பியது. மழையில் வழிதவறிய பயணி ஒருவர் காட்டுக் குடிசை வாசலில் குதிரையை நிறுத்துகிறார். உள்ளே ஒருவன் ஒழுகாத மூலையில் உட்கார்ந்து பிடில் வாசிக்கிறான், ஒரே முதல் பாதியைத் திரும்பத் திரும்ப.

“கூரை இப்படி ஒழுகுதே, வேய்ஞ்சா என்ன?”

“மழை கொட்டுது, எப்படி வேயறது?”

“மழை இல்லாத நாள்ல வேயலாமே?”

“அன்னைக்குத்தான் ஒழுகாதே!”

எதைக் கேட்டாலும் இப்படித்தான் பதில். கடைசியில் பயணி, “அந்த மெட்டோட மிச்சத்தை ஏன் வாசிக்க மாட்டேங்கிறே?” என்கிறார். தெரியாது என்கிறான் அவன். பயணி இறங்கிவந்து பிடிலை வாங்கி இரண்டாம் பாதியை வாசிக்கிறார். குடிசைக்காரன் எழுந்து ஆடத் தொடங்குகிறான். குதிரைக்குத் தீனி வருகிறது, பயணிக்குச் சாப்பாடு வருகிறது, நனையாத இடத்தில் படுக்கை கிடைக்கிறது. ‘ஆர்க்கன்சா பயணி’ என்ற அந்த மெட்டை இன்றும் பிடில் கற்பவர்கள் ஆரம்பத்திலேயே படிக்கிறார்கள். 1922 ஜூன் 30 அன்று நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக எக் ராபர்ட்சனும் ஹென்றி கில்லிலண்டும் இரட்டைப் பிடிலில் பதிந்ததும் அதையே. அமெரிக்க நாட்டுப்புற இசை வியாபார இசைத்தட்டாக வெளிவந்ததில் மிக ஆரம்பகாலப் பதிவு அது. பாதி மெட்டைத் தெரிந்துவைத்துக்கொண்டு மீதிக்காக ஏங்குவது என்னவென்று இசை படித்தவர்களுக்குத் தெரியும். இந்தக் கதை பிழைத்திருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

‘சிப்பாயின் ஆனந்தம்’ மெட்டுக்கு வருவோம். இதற்கு அமெரிக்காவில் பரவலாகச் சொல்லும் விளக்கம்: உள்நாட்டுப் போரில், அதாவது 1861 முதல் 1865 வரை, காயம்பட்ட சிப்பாய்களுக்கு வலி மறக்கக் கொடுத்த மார்ஃபினும் சாராயமும்தான் அந்த ஆனந்தம். மார்ஃபினைப் பெயர் சொல்லிப் பாடும் வரிகளும் உண்டு. கேட்க நெஞ்சைப் பிடிக்கும் விளக்கம், ஆனால் காலக்கணக்கு உதைக்கிறது. 1785இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கை கால் இழந்த ஒரு சிப்பாய் பாடுவதாக எழுதிய பாட்டுக்கு இந்த மெட்டைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். மார்ஃபினை அபினியிலிருந்து பிரித்தெடுத்ததே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். எனவே பெயருக்குக் காரணம் மார்ஃபின் ஆக முடியாது. அதற்காக அந்த வரிகளைப் பொய் என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு பெயருக்குள் போரில் சிதைந்த மனிதர்கள் தங்கள் அனுபவத்தை ஊற்றி நிரப்பிவிட்டார்கள். மெட்டின் பிறப்பைப் பற்றி அந்த வரிகள் எதுவும் சொல்லவில்லை, போரைப் பற்றி நிறையச் சொல்கின்றன.

கையிலிருந்து கைக்கு மெட்டு எப்படி நகர்கிறது என்பதைக் காட்ட ஹென்றி ரீட் நல்ல சாட்சி. வர்ஜீனியாவில் க்ளென் லின் என்ற சிற்றூர்க்காரர், 1884இல் பிறந்தவர். 1966, 67இல் ஆலன் ஜபூர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அவர் வீட்டுக்குப் போய் மெட்டுகளைப் பதிவுசெய்தார். ரீட் தன் இளமையில் க்வின்ஸ் டில்லியன் என்ற முதியவரிடம் மெட்டுகள் கற்றிருந்தார். அந்த டில்லியன் மெக்சிகோ போரிலும் பிறகு உள்நாட்டுப் போரிலும் படையில் குழல் ஊதியவர். 1840களின் படைமுகாமிலிருந்து 1960களின் டேப் ரெக்கார்டர் வரை நடுவில் இரண்டே பேர். காகிதம் எதுவும் இல்லை. ஜபூர் பிற்பாடு, காங்கிரஸ் நூலகத்தில் 1976இல் தொடங்கிய நாட்டார் வழக்காற்று மையத்தின் முதல் இயக்குநரானார். ரீட் வாசித்த பதிவுகளை அந்த நூலகத்தின் தளத்திலேயே இலவசமாகக் கேட்கலாம்.

இங்கே சுருதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் காதுக்கு இதில் ஒரு வியப்பு இருக்கிறது. மேற்கத்திய வழக்கில் வயலினின் நான்கு கம்பிகளும் ஒன்றுக்கொன்று ஐந்தாம் சுரம் தள்ளி நிற்கும். மலைநாட்டுப் பிடில்காரர்கள் அதை அடிக்கடி மாற்றிக்கொள்வார்கள். கீழ்க் கம்பிகள் இரண்டையும் ஒரு முழுச் சுரம் ஏற்றினால் ஏ-ஈ-ஏ-ஈ என்று வரும். நம் பாஷையில் எழுதிப் பாருங்கள்: ச-ப-ச-ப. கர்நாடக சங்கீத வயலினுக்குச் சேர்க்கும் அதே சேர்க்கை! முதல்முறை இதை உணர்ந்தபோது என் வயலினைச் சுருதி சேர்த்து, பிரடையைத் தொடாமலேயே அந்த அமெரிக்க மலைநாடான அப்பலாச்சியாவின் மெட்டு ஒன்றை வாசித்துப் பார்த்தேன். வில் இரண்டு கம்பிகளில் ஒருசேரப் பட்டதும் தம்பூரா போட்டதுபோல ஒரு கார்வை எழுந்தது. இரண்டு மரபும் ஒன்றைப் பார்த்து ஒன்று படித்ததில்லை. ஆதார சுருதி காதில் விடாமல் ஒலிக்க வேண்டும் என்ற ஒரே தேவைதான் இரண்டு பேரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஸ்டெப் ‘போனபார்ட்’டுக்கு வைத்த சுருதி டி-டி-ஏ-டி, அதாவது ச-ச-ப-ச. பேக்பைப் முழக்கத்தை ஒற்றைப் பிடிலில் எழுப்பும் வழி அது.

சுருதிச் சேர்க்கையில் தமிழ்நாட்டோடு உள்ள ஒற்றுமை தற்செயல். ஆனால் ‘மாலோ ஊதாரிகள்’ என்ற மெட்டு உண்மையிலேயே இங்கே வந்து சேர்ந்தது. மாலோ என்பது அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து ஊர். 18ஆம் நூற்றாண்டில் அதன் மருத்துவ ஊற்றுநீரை நாடிப் பணக்காரக் குடும்பங்கள் வரும். வந்த இளவட்டங்கள் குடித்துக் கும்மாளமிட்டு ஊரைக் கலக்கும். அவர்கள் பெயரில் எழுந்த மெட்டு 1740களில் லண்டனில் அச்சாகி, ஆட்டமேடைகளில் சுற்றிவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்களோடு அது சென்னைக்கும் வந்தது. அப்போது ராமசாமி தீட்சிதர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில், கம்பெனியோடு தொடர்புள்ள முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தது. அங்கிருந்த ஆண்டுகளில்தான் இளைய மகன் பாலுசாமி ஐரோப்பியரிடம் வயலின் கற்றார், அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். மூத்தவர் முத்துசாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் கட்டினார். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான இவற்றை நோட்டு ஸ்வர சாகித்யங்கள் என்கிறோம். ‘மாலோ ஊதாரிகள்’ மெட்டு அவர் கையில் ‘வந்தே மீனாக்ஷி’ ஆயிற்று.

குடித்துத் திரிந்த ஐரிஷ் இளைஞர்களின் மெட்டு மீனாட்சியின் பாதத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப்பாருங்கள், சுரங்கள் ஒன்றே. மாறியது வேகமும் மனநிலையும். கம்பெனி அதிகாரியும் தெலுங்கு அறிஞருமான சி. பி. பிரவுன் 1833இல் தொகுத்துவைத்த கையெழுத்துப் பிரதியில் இந்தச் சாகித்யங்கள் இருபது இருக்கின்றன. சுப்பராம தீட்சிதர் 1905இல் பதிப்பித்த பயிற்சி நூலில் முப்பதுக்கு மேல். சங்கீத உலகம் இவற்றைச் சிறுவர் பாட்டு என்று ஓரமாக ஒதுக்கியே வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் அந்நிய மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் அதன் எலும்புக்கூட்டைப் பிடித்து, ஒரு சுரமும் பிசகாமல் நாற்சீர் நடைக்குள் பதங்களைப் பொருத்தியது லேசான வேலை இல்லை. கென்டக்கியில் ஸ்டெப் செய்ததும் அதே இனத்து வேலைதான்.

எல்லா மெட்டின் பூர்வீகமும் இப்படி மகிழ்ச்சி தருவதில்லை. அமெரிக்காவில் ஐஸ்கிரீம் வண்டி தெருவுக்குள் வரும்போது ஒலிக்கும் ‘வைக்கோலில் வான்கோழி’ குழந்தைகளுக்கெல்லாம் பழக்கம். அதே மெட்டு 1834 வாக்கில் நியூயார்க் மேடைகளில் வேறு பெயரில் ஓடியது. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, விடுதலை பெற்ற கறுப்பினத்தவரைக் கோமாளியாக்கிப் பாடிய பாட்டு. அதற்கும் முன்னே போனால் ‘ரோஜா மரம்’ என்ற பாட்டு நிற்கிறது. 1783இல் லண்டன் காவென்ட் கார்டனில் வில்லியம் ஷீல்ட் இசையமைத்த நாடகத்தில் இடம்பெற்றது. மெட்டின் மேல் பாவம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பாட்டால் காயப்பட்டவர்களுக்கு மெட்டு கேட்டவுடனே வார்த்தைகளும் ஞாபகம் வரும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2020இல் குட் ஹ்யூமர் ஐஸ்கிரீம் கம்பெனி, அந்த மெட்டுக்குப் பதிலாக வண்டிகளில் ஒலிக்கப் புது மெட்டு ஒன்றை ராப் கலைஞர் ஆர்இஸட்ஏவைக் கொண்டு போட்டுக்கொடுத்தது.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. கேலிக்கு ஆளான கறுப்பினத்தவர்களே அந்நாட்டின் தென்பகுதியில் ஆட்டங்களுக்குப் பிடில் வாசித்தவர்கள். சாலமன் நார்த்அப் நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்தவர், பிடில்காரர். 1841இல் இரண்டு பேர் சர்க்கஸில் பிடில் வாசிக்க வேலை என்று ஆசைகாட்டி வாஷிங்டனுக்கு அழைத்துப்போய் அடிமையாக விற்றுவிட்டார்கள். லூயிசியானா பண்ணைகளில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தார். 1853இல்தான் மீண்டார். அந்தக் காலத்தில் பிடில் தனக்கு எப்படித் துணையாயிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ‘வெள்ளையர் மலைநாட்டு இசை’ என்று பின்னாளில் கடைகளில் விற்றதற்குள் இப்படிப்பட்டவர்களின் வில் வீச்சு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பேசத் தொடங்கியதே சமீபத்தில்தான். வட கரோலினாவில் மெபேன் ஊர் ஜோ தாம்சன், 1918இல் பிறந்தவர், அந்த மரபின் கடைசிக் கண்ணிகளில் ஒருவர். 2005 முதல் மூன்று கறுப்பின இளைஞர்கள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படித்தார்கள். ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ என்ற அவர்களுடைய குழு பிறகு கிராமி விருது வாங்கியது. தாம்சன் 2012இல் மறைந்தார், மெட்டுகளைக் கைமாற்றிவிட்டு.

அயர்லாந்தில் நடந்தது வேறு மாதிரி. ஸ்லைகோ மாவட்டத்து மைக்கேல் கோல்மன் 1914இல் அமெரிக்கா போனார், 1921 முதல் நியூயார்க்கில் இசைத்தட்டுகள் பதிந்தார். அந்தத் தட்டுகள் கடல் தாண்டி ஊருக்கு வந்தன. அவர் 1934இல் தொடுத்து வாசித்த மூன்று ரீல்களை இன்றும் அதே வரிசையில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் ரீலின் பெயர் ‘டார்போல்டன்’, அது ஸ்காட்லாந்தின் ஒரு கிராமம். கோல்மன் ஒப்பற்றவர்தான். ஆனால் அவர் தட்டு ஒலித்த இடத்திலெல்லாம் உள்ளூர் வாசிப்பு கூச்சப்பட்டுப் பின்னுக்குப் போனது என்பதும் நடந்தது.

நார்வேயின் ஹார்டாங்கர் பிடிலில் நான்கு கம்பிகளுக்கு அடியில் இன்னும் நான்கைந்து கம்பிகள் உண்டு, சித்தாரில் இருப்பதுபோலத் தாமாகவே அதிர்பவை. அதில் வாசிக்கும் ‘ஃபானிடுல்லன்’ மெட்டுக்கு ஹல்லிங்டால் பள்ளத்தாக்கில் 1724இல் நடந்த ஒரு கல்யாணத்தைச் சொல்வார்கள். முற்றத்தில் இரண்டு பேர் கத்தியை உருவிச் சண்டை. பீர் எடுக்க நிலவறைக்குப் போனவர், பீப்பாய் மேல் ஒருவன் உட்கார்ந்து பிடில் வாசிப்பதைப் பார்க்கிறார். மெட்டு அவரைக் கட்டிப்போடுகிறது. தாளம் தட்டும் காலைப் பார்த்தால் அது குளம்பு. பதறி மேலே ஓடிவந்தால் ஒருவன் செத்துக்கிடக்கிறான். இந்த மெட்டுக்குக் கம்பிகளை ச-ப-ச-க என்று சேர்ப்பார்கள். நமக்கு இதமாகத் தோன்றும் அந்தச் சேர்க்கைக்கு அங்கே ‘பூதச் சுருதி’ என்று பெயர்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லண்ட் தீவுகளிலும் இதற்கு உறவான நம்பிக்கை உண்டு. இரவில் குன்றைக் கடக்கும் பிடில்காரர் காதில் உள்ளிருந்து இசை விழும். குன்றுக்குள் வாழும் ‘ட்ரௌ’ என்ற குள்ள மனிதர்கள் வாசிப்பது. அதை மனதில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் புது மெட்டு கிடைத்துவிட்டது. ஃபெட்லர் தீவின் ஏரி ஒன்றின் பெயர் கொண்ட ‘வின்யடெப்லா’ அப்படிக் கேட்டு வந்ததாகச் சொல்வார்கள். கிரீன்லாந்துத் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் கூலிக்குப் போன ஷெட்லண்டுக்காரர்கள் கொண்டுவந்த மெட்டுகள் தனி.

இனி மூன்று துயர மெட்டுகள். நீல் கௌ ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர்க்காரர், அத்தோல் பிரபுக்களின் ஆதரவு பெற்றவர். இரண்டாம் மனைவி மார்கரெட் 1805இல் இறந்தபோது அவருக்கு எழுபத்தெட்டு வயதுக்குப் பக்கம். அந்த இழப்புக்கு அவர் கட்டிய மெட்டின் பெயரே ‘நீல் கௌ தன் இரண்டாம் மனைவி இறந்ததற்குப் புலம்பியது’. கேட்கும்போது ஒன்று புரியும், இதில் அழுகைச் சுரம் எதுவும் இல்லை. டி மேஜர், நம் சங்கராபரண சுரங்கள். இரண்டாம் பாதியில் மெட்டு மேல் ஸ்தாயிக்கு ஏறி, அங்கே நிற்க முடியாமல் படிப்படியாக இறங்குகிறது. இரண்டு ஆண்டுகளில் அவரும் போய்விட்டார்.

அந்தப் பாணியில் 1982இல் ஜே உங்கர் கட்டியது ‘அசோகனுக்கு விடை’. அசோகன் நம் மன்னர் இல்லை, நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலையில் ஓர் இடம். கோடைப் பிடில் முகாம் முடிந்து எல்லோரும் கலைந்த வெறுமையில் எழுதியது. 1990இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தொலைக்காட்சி ஆவணத் தொடர் அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டது. அன்றிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் அது 1860களின் மெட்டு என்றே நம்புகிறார்கள். எட்டே ஆண்டு வயதான மெட்டுக்கு நூற்றிருபது ஆண்டு கூடிவிட்டது. ‘சிப்பாயின் ஆனந்த’த்தில் பழைய மெட்டுக்குப் புதுப் போரைச் சூட்டினார்கள் என்றால், இங்கே புது மெட்டுக்குப் பழைய போர்.

மூன்றாவது, ஷெட்லண்டின் டாம் ஆண்டர்சன் கட்டியது. அவர் பிறந்த ஊர் எஷாநெஸ். 1969 ஜனவரி இறுதி, இரவு பதினொன்று தாண்டிய நேரம். ஊரிலிருந்து திரும்பும் வழியில் மேட்டின் உச்சியில் நின்று பின்னால் பார்த்தார். சிறுவயதில் பார்த்த அளவுக்கு விளக்குகள் இல்லை, ஆட்கள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மிஞ்சியிருந்தவையும் அவர் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அணைந்தன. மனைவி இறந்து அதிக நாள் ஆகவில்லை. ஷெட்லண்ட் பேச்சில் அணைந்த விளக்குக்கு உள்ள பழைய சொல் நினைவுக்கு வந்தது, ‘ஸ்லாக்கிட்’. மெட்டுக்கு ‘டா ஸ்லாக்கிட் லைட்’ என்று பெயர் வைத்தார். அதுவும் டி மேஜர்தான்.